உருமி, தப்பு, நாதஸ்வரம், கொம்பாங்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தீமிதி, கல்யாணம், தைப்பூசம், இழவு என்று எதற்கும் மேளம் வேண்டும். மேளம் கற்க வரும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ஆலயத் திருவிழாக் குழுவினர், மெர்டேக்கா எனும் சுதந்திர தின மேடைக்கு நம்மைக் கூப்பிடும் மலாய், சீன நண்பர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

நம் ஊர் மேளம் தமிழ்நாட்டிலிருந்து அப்படியே வந்ததுதானே?

கருவிகள் வந்தன. மேளம் இங்கே உருவானது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது 1877இல். பிறகு தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டினார்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஜில்லாக்காரர்கள் ஒரே கப்பலில் ஏறி, லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றாகக் குடியேறினார்கள். இந்திய அரசு 1938இல் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரை இது நடந்தது.

அந்த ஜில்லாக்களின் மேளம் ஒன்றல்ல. பம்பையும் தெருக்கூத்தும் வடக்கே ஆர்க்காட்டுப் பக்கம் செழித்தவை. உருமி கொங்கிலும் தென்மாவட்டங்களிலும் வழங்குவது. நாதஸ்வரமும் தவிலும் காவிரிக் கரையின் கோயில் சொத்து. ஊரில் ஒன்றுக்கொன்று நூறு மைல் தள்ளி இருந்த கருவிகள், இங்கே பத்து வீட்டு லயத்தின் முன்னால், ஒரே மாரியம்மனுக்கு ஒன்றாக ஒலித்தன. அதனால் ‘கலப்பு’ என்பது நேற்று மேடையில் தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து மேளம் பிறந்ததே கலந்துதான்.

இரண்டாவது கலப்பு தோட்டங்கள் உடைந்தபோது வந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 16 ஜூன் 1948 அன்று மூன்று தோட்டத் துரைமார் சுடப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை அது நீடித்தது. ஊரடங்கு உள்ள இடத்தில் விடிய விடியக் கூத்து நடத்த முடியாது. ஐம்பது, அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால்மரமான ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. சனங்கள் தாமான் என்னும் புறநகர்க் குடியிருப்புகளுக்கு இறங்கினார்கள். பல தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேர்ந்தபோது, ஒவ்வொரு தோட்டத்து அடியும் கூடவே வந்து சேர்ந்தது.

தப்பும் உருமியும் சாவு மேளம் அல்லவா? சாமி முன்னால் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். இந்தக் கேள்வியின் வேரையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தப்பு தாழ்ந்தது என்று சொன்னவர்கள், அதை அடித்தவர்களைத் தாழ்த்தி வைத்திருந்தவர்கள். மாட்டுத் தோல், இழவு வீடு, சேரி ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு அந்தக் கருவியின் கழுத்தில் கட்டினார்கள். அந்தப் பிரிவினை கப்பலேறி இங்கேயும் வந்தது. சாதி பார்த்து லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. ஆனால் தப்பு எந்த நாளும் சாவுக்கு மட்டும் அடிக்கப்படவில்லை. அம்மன் கரகம் எடுக்கும்போதும், காப்புக் கட்டும்போதும், தீமிதிக் குழி சுற்றும்போதும் அதே தப்புதான். இன்று மலேசியத் தைப்பூசத்தின் குரல் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட உருமி என்று சொல்லும். இழவுக்குரியது என்று ஒதுக்கிய தோல், முருகன் காவடிக்கு முன்னால் நடக்கிறது. இந்த மண்ணில் நம் சனங்கள் சாதித்த பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று.

நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழவு அடி வேறு, சாமி அடி வேறு. கருவி ஒன்றாக இருந்தாலும் அடியை மாற்றி அடித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. புதுப் பிள்ளைகளுக்கு முதலில் சாமி அடி, கல்யாண அடி இரண்டும் கையில் ஏறட்டும். இழவு அடியைக் கடைசியில் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பழகும்போது அதை அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உருமி உறும மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?

அதிகமாக வரும் கேள்வி இது. உருமி இடை சிறுத்த இருமுக மேளம். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுகிறோம். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம். தேய்க்கும்போது குச்சி தோலைக் கணநேரம் பற்றும், உடனே வழுக்கும். மறுபடி பற்றும், மறுபடி வழுக்கும். இந்தப் பிடியும் வழுக்கலும் மாறி மாறி வேகமாக நடப்பதுதான் உறுமல். பிடி இல்லாவிட்டாலும் ஒலி வராது. வழுக்கல் இல்லாவிட்டாலும் வராது.

‘சர்ர்’ என்று காய்ந்த சத்தம் மட்டும் வந்தால் தோல் வறண்டிருக்கிறது. விரல் நுனியில் ஒரு துளி விளக்கெண்ணெய் தொட்டு, குச்சி ஓடும் பாதையில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். எண்ணெய் கூடிப்போனால் குச்சி வழுக்கிக்கொண்டே போகும். அப்போது உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். ‘கீச்’ என்று கத்தினால் தோல் மிக இறுக்கம். நடுவில் இடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இறக்கம் வரும். ‘தொம்’ என்று அடங்கிப்போனால் தோல் தளர்ந்திருக்கும், அல்லது கை அழுத்தம் அதிகம். முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு அந்த அழுத்தம்தான். புதுக்கை குச்சியைக் கத்தி மாதிரி இறுகப் பிடிக்கும், மணிக்கட்டு அசையாது. குச்சி தோலின்மேல் தன் எடையில் கிடக்கட்டும். உங்கள் வேலை அதை இழுப்பது மட்டும். உறுமல் கிடைத்த பிறகு அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் குரல் ஏறுவது உங்கள் காதுக்கே தெரியும்.

குச்சியையும் பாருங்கள். வார்னிஷ் பூசிய கடைக்குச்சி பளபளப்பாக இருக்கும், பிடிக்காது. மெல்லிய உப்புத்தாளால் தேயும் பக்கத்தை மட்டும் லேசாகச் சுரண்டினால் போதும்.

தப்பை நெருப்பில் காட்டுவது எதற்கு? எவ்வளவு நேரம்?

தோல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நம் ஊரில் மழைக்குப் பிறகு எந்தத் தப்பும் தொளதொளத்துப் போகும். சூடு ஈரத்தை விரட்டித் தோலை இழுத்துப் பிடிக்கிறது.

தப்பின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை வளைவாக இணைத்து, இரும்புப் பட்டை அடித்துச் செய்தது. குறுக்களவு சுமார் 35 செ.மீ. தோல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்டு வாரால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சூடு மிஞ்சினால் முதலில் கெடுவது இந்தப் பசை. விளிம்பில் வெடிப்பு விட்டு, பிறகு தோல் ஒரு பக்கம் கழன்று வரும்.

வைக்கோல் கிடைக்காத இடத்தில் காய்ந்த தென்னோலை போதும். கொழுந்து தணிந்து அனல் நின்ற பிறகு, இரண்டு சாண் உயரத்தில் முகத்தைக் கவிழ்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பாருங்கள். குரல் ஏறி ‘கணீர்’ என்றதும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்ற ஆசைதான் தோலைக் கிழிக்கும். உள்ளங்கையைத் தோலில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கலாம், கை பின்வாங்கும் அளவுக்குச் சுடக் கூடாது. தாமானில் நெருப்பு மூட்ட முடியாவிட்டால் முடி உலர்த்தும் கருவி உதவும், நேரம்தான் கூடுதல். செயற்கைத் தோல் போட்ட தப்புக்கு இந்த வேலை எதுவும் இல்லை. மழைக்காலத்துக்கு அது வசதி; குரலில் ஆழம் குறைவு.

நெடுஞ்சாலை ஓரம், காய்ந்த செம்பனை மட்டை குவிந்த இடம், ஆலயப் பந்தல் அருகே நெருப்பு வேண்டாம்.

தப்புக்கு இரண்டு குச்சியும் ஒரே அளவில் இருக்கலாமா?

கூடாது. வலக்கையில் குட்டையாக, தடிமனாக இருப்பது அடிக்குச்சி. இடக்கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு; அது தோலின் மேல் படுத்து விழும். அடிக்குச்சி கணக்கைச் சொல்லும், சிம்பு இடைவெளியை நிரப்பும். இரண்டும் ஒரே அளவானால் இரண்டு குரலும் ஒன்றாகிவிடும்.

நாதஸ்வரமும் உருமி மேளமும் ஒரே ஊர்வலத்தில் வரலாமா?

வரலாம், ஆனால் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டாம். நாதஸ்வரத்துக்குச் சுருதி உண்டு, இராகம் உண்டு. உருமி எழுந்தால் அது அமுங்கிவிடும். வாயில் வைத்து ஊதும் அதன் சீவாளி கொறுக்கைத் தட்டையால் ஆனது, நனைத்துத்தான் வாசிக்க முடியும். போட்டிக்கு ஊதினால் அரைமணியில் சீவாளி போய்விடும், வித்துவானின் உதடும் போய்விடும்.

சாமி புறப்படும்போது நாதஸ்வரம், தவில். அந்த இடம் மல்லாரிக்கு உரியது. கம்பீரநாட்டையில் அது எழும்போது வேறு எந்த மேளமும் குறுக்கே வரக் கூடாது. தேர் தெருவுக்கு இறங்கி, கூட்டம் நடக்கத் தொடங்கியதும் உருமி மேளம் தேருக்கு முன்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளிப் போகட்டும். வீட்டு வாசல்களில் அர்ச்சனைக்குத் தேர் நிற்கும்போது உருமி ஓய்ந்து, நாதஸ்வரம் வாசிக்கட்டும். இந்த முறையைக் குழுத் தலைவரும் நாதஸ்வர வித்துவானும் முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். திருவிழாவில் வரும் சச்சரவுகளில் பாதி, இதைப் பேசாமல் விட்டதால் வருவது.

காவடிக்கு எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும்?

காவடி எடுப்பவரின் கால் பார்த்து வாசிக்க வேண்டும். காவடிச் சிந்து பெரும்பாலும் திஸ்ர நடையில், ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக ஓடும். அந்த நடைக்கே ஆட்டம் உண்டு, கூட்ட வேண்டியதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு: அருள் வந்தவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு வேகத்தை ஏற்றுவது. அலகு குத்தி, விரதம் இருந்து, வெயிலில் நடப்பவர் அவர். வட்டம் இறுகினால் காற்று வராது. குழு அவருக்கு முன்னால் அரைவட்டமாக, நான்கு அடி விட்டு நிற்கட்டும். பின்புறம் உறவினருக்கும் தண்ணீர் கொண்டு வருபவருக்கும் வழி வேண்டும். பத்து நிமிடம் வாசித்தால் இரண்டு நிமிடம் நடை அடி மட்டும். அவர் தள்ளாடினால் சட்டென்று நிறுத்தாதீர்கள். வேகத்தைப் படிப்படியாக இறக்குங்கள், உருமியை முதலில் ஓய விடுங்கள், தப்பு கடைசியாக ஓயட்டும். தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போகும் குழுக்கள் இதை ஊரிலேயே பழகிவிட்டுப் போவது நல்லது.

சினிமா மெட்டு வாசித்தால் என்ன தப்பு? சனங்கள் கேட்கிறார்களே?

கல்யாண வரவேற்பில் வாசியுங்கள். காவடிக்கு முன்னால் வேண்டாம். சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசிக்கத் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டு மௌனம். நமக்கு இருக்கும் சுதந்திரத்தை நாமே கேவலப்படுத்திக்கொள்ளக் கூடாது.

மலாய் நண்பர்களின் கொம்பாங், சீனர்களின் சிங்க நடன மேளம், நம் தப்பு, உருமி சேர்ந்து ஒரு நிகழ்ச்சி செய்ய முடியுமா?

தாராளமாக. எட்டு நிமிட நிகழ்ச்சிக்கு மூன்று ஒத்திகை போதும்.

முதலில் கொம்பாங்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஆட்டுத் தோல் போட்ட ஒருமுக மேளம். இடக்கையில் பிடித்து வலக்கையால் தட்டுவது. விரல்களைச் சேர்த்து விளிம்புப் பக்கம் தட்டினால் ‘பும்’, விரித்துத் தட்டினால் ‘பாக்’. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் அடி விழும்படி பின்னி வாசிப்பார்கள். தனியாள் அடியைக் கேட்டால் ஒன்றும் புரியாது, குழுவாகக் கேட்டால்தான் கோலம் தெரியும். அவர்களும் தோல் தளர்ந்தால் இறுக்குகிறார்கள், நெருப்பால் அல்ல: சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பிரம்பை வளையமாகச் செருகுவார்கள். அதற்கு ‘செடாக்’ என்று பெயர். நாம் தப்பு காய்ச்சும் அதே நேரத்தில் அவர்கள் பிரம்பு செருகிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், ஒரே மழையும் ஒரே ஈரமும் இரண்டு வீட்டையும் ஒரே பாடு படுத்துவது தெரியும்.

மேடை வரிசை. கொம்பாங்கின் குரல்தான் மென்மை. அது தனியாகத் தொடங்கட்டும், ஒன்றரை நிமிடம். அதன்மேல் தப்பு, சிம்பு மட்டும். பிறகு அடிக்குச்சி. நான்காவது நிமிடத்தில் உருமியின் தேய்ப்பு. சிங்க நடனப் பெருமேளம் கடைசி. முதலிலேயே அது வந்தால் மற்றவர்கள் வந்தும் வராதது போலத்தான். கொம்பாங் முன்வரிசை, பெருமேளம் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி. உள்ளே நிற்பவருக்குக் கொம்பாங் கேட்காது, அதனால் எல்லார் கண்ணுக்கும் படும்படி ஒருவர் நின்று கையால் கணக்குக் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு 100 அடியில் தொடங்கி 120ஐத் தாண்டாமல் முடியுங்கள்.

எங்கே உடையும்? நம் பிள்ளைகளின் கை தானாகவே மூன்றுக்குப் போகும்; காவடிப் பழக்கம். மற்றவர்கள் நான்கில் நிற்பார்கள். இரண்டு சுற்றில் எல்லாரும் தடுமாறுவார்கள். யாரையும் திட்ட வேண்டாம். பன்னிரண்டு எண்ணுங்கள். பன்னிரண்டில் நான்கு ‘தகிட’வும் அடங்கும், மூன்று ‘தகதிமி’யும் அடங்கும். பன்னிரண்டின் முதல் அடியில் மட்டும் எல்லாரும் ஒன்றாக விழுந்தால் போதும். நடுவில் அவரவர் நடை. ஒத்திகையில் முதல் முறை அந்த முதல் அடி ஒன்றாக விழும் கணத்தில் மூன்று குழுவும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கும். அதன் பிறகு பாதி வேலை முடிந்தது.

மரியாதை சம்பந்தமான மூன்று விஷயம். கொம்பாங்கோடு ஓதும் சலவாத்து, நபியை வாழ்த்தும் வழிபாடு. அதை நிகழ்ச்சியில் கலக்கக் கேட்காதீர்கள், நாமும் சாமி வரவழைக்கும் அடியைக் கலக்க வேண்டாம். வரவேற்பு அடிகள் இரு பக்கமும் நிறைய உண்டு. பாங்கு சொல்லும் நேரத்தை முன்பே பார்த்து, ஒத்திகையும் நிகழ்ச்சியும் அதற்கு முன் முடியும்படி வையுங்கள். சாப்பாடு ஏற்பாடு செய்தால் ஹலாலும் சைவமும் தனித்தனி மேசையில்.

இப்படிக் கலந்துகொண்டே போனால் நம் அடையாளம் கரைந்துவிடாதா?

இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். தமிழ் வணிகர் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் பிள்ளையாரையும். அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இலிருந்து நிற்கிறது. வயலினும் ரெபானா மேளமும் கோங்கும் ஒலிக்க, பந்துன் என்ற நாலடி மலாய்ப் பாட்டில் கேள்வி பதிலாகப் பாடும் டொன்டாங் சாயாங்கை மலாய்க்காரர், சீன வழியினரான பாபா நியோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு செட்டிகளும் பாடுகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது; இந்தச் சமூகங்கள் எல்லாமே அதற்கு உரியவை. ஜொகூரின் மலாய் கஸலில் ஹார்மோனியமும் தபலாவும் கம்புஸ் என்ற நரம்புக் கருவியோடு உட்கார்ந்திருக்கின்றன. அது மலாய் இசை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஜொகூர் பாருவில் 1988இல் பிறந்த 24 பருவ மேளம், சீனப் பஞ்சாங்கத்தின் 24 பருவங்களைப் பெயராகக் கொண்டது, ஆனால் பிறந்த மண் மலேசியா.

கரைப்பது கலப்பு அல்ல, அறியாமை. எந்த அடி எதற்கு என்று தெரிந்த பிள்ளை எந்த மேடையிலும் நின்று வாசிக்கலாம். அது தெரியாமல் வளர்ந்தால், சொந்தக் கோயிலில்கூட அவனுக்கு ஒலிபெருக்கிதான் மிஞ்சும்.

பெண் பிள்ளைகள் உருமி கற்கலாமா?

கற்கலாம். தோள்வாரின் நீளத்தை அவர்கள் உயரத்துக்கு ஏற்பக் குறையுங்கள்.

கற்க எவ்வளவு காலம் ஆகும்?

வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் ஊர்வலத்தில் பின்வரிசையில் நிற்கலாம். முதல் மாதம் கருவியைத் தொட வேண்டாம்: வாயால் சொல், கையால் தாளம். வாயில் நிற்காத சொல் கையில் நிற்காது.

காதுக்குக் கெடுதலா?

ஆமாம். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மேளக் குழுவின் நடுவில் அதை எளிதில் தாண்டும். நுரைச் செருகியைத் திரித்து மெல்லிசாக்கி, மறுகையால் காதை மேல்நோக்கி இழுத்துச் செருகி, விரியும்வரை பிடியுங்கள். பாதி வெளியே தொங்கினால் பயன் இல்லை. ஊர்வலம் முடிந்து மறுநாளும் காதில் இரைச்சல் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

ஊர்வலத்துக்குப் போலிஸ் பெர்மிட் வேண்டுமா?

2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி சமயக் கூட்டம், இறுதி ஊர்வலம், திருமண விருந்து ஆகியவற்றுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை. ஆனாலும் சாலையில் இறங்குகிறீர்கள் என்றால் போலிஸ் நிலையத்தில் வழியையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பாட்டிக்குத் தாலாட்டு, ஒப்பாரி, தோட்டத்துப் பாட்டு எல்லாம் தெரியும். எப்படிப் பதிவு செய்வது?

தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, காற்றாடியை நிறுத்தி, அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி மடித்த துணியின்மேல் வையுங்கள். மேசையின்மேல் நேராக வைத்தால் தட்டும் சத்தம் ஏறும். வேவ் வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். ஒற்றைத் தடமாக ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும். தொடக்கத்தில் தேதி, இடம், எந்தத் தோட்டத்தில் கற்றது என்பதை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். வெளியில் பகிரலாமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பதிவிலேயே வையுங்கள்.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் அது ஆகாது என்று பெரியவர்கள் தயங்குவார்கள். கோயில் மண்டபமும் சரிவராது. லயத்துக்கு வெளியே மரத்தடி, பொது மண்டபம் என்று அவர் சொல்லும் இடத்துக்குப் போங்கள். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப்போன காலத்துப் பாட்டு வந்தால் நடுவில் கேள்வி கேட்டு நிறுத்த வேண்டாம். அழுதாலும் பதிவை அணைக்க அவர் சொல்லும்வரை காத்திருங்கள்.

பாடி முடித்ததும் அன்றே வரிகளை எழுதி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்துங்கள். பழைய சொற்களைத் ‘திருத்தமாக’ மாற்றி எழுதாதீர்கள். தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பை ‘பெரட்டு’ என்று பாடினால் ‘பெரட்டு’ என்றே இருக்கட்டும். மூன்று பிரதி எடுங்கள். முதல் பிரதி பாடியவரின் வீட்டுக்கு.